முப்பது விநாடி கூவுமாம்

பிப்ரவரி 3

அன்புள்ள வாலுக்கு,

நாற்பத்தாறு வயதுத் தங்கையை இன்னும் வாலு என்று எழுதுவதற்கு மாப்பிள்ளை என்னைப் பொறுத்துக்கொள்ளட்டும். நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் படி இறங்கும்போது முரண்டு பிடிக்கிறது. மாப்பிள்ளையின் இருமல் நின்றதா? நீ மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்றபடியே சாப்பிடுவதை விட்டாயா?

இங்கே ஒரு புதுச் செய்தி. பம்ப் ஹவுஸில் தனியாக ஷிப்ட் பார்க்கிற எல்லோருக்கும் இடுப்பில் மாட்டிக்கொள்ள ஒரு சின்னப் பெட்டி கொடுத்திருக்கிறார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. ஆள் விழுந்தால் அதுவே கண்டுபிடித்துவிடுமாம். போன மாதம் வேறொரு பம்ப் ஹவுஸில் ஒருவர் கால் முறிந்து நாலு மணி நேரம் கிடந்தார். அடுத்த ஷிப்ட் ஆள் வரும்வரை யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் மேலிடத்துக்கு இந்த ஞானம் வந்தது.

புதிதாக வந்திருக்கும் இன்ஜினியரம்மா நேரில் வந்து விளக்கினார். மோட்டார் மூன்றும் ஓடிக்கொண்டிருந்தன. அவர் பேசினார், நான் தலையாட்டினேன். பிறகு மீசை விவரமாகச் சொன்னார். (மதியம் இரண்டு மணிக்கு வந்து என்னை விடுவிப்பாரே, அந்த மீசைதான்.) விழுந்தால் பெட்டி முப்பது விநாடி கூவுமாம். நமக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் பொத்தானை அழுத்தி நிறுத்திவிடலாம். அழுத்தாவிட்டால் கன்ட்ரோல் ரூமுக்குத் தகவல் போகும். அங்கிருந்து ஒரு பெண் பெட்டி வழியாகவே பேசுவாராம். பதில் இல்லையென்றால் வண்டி கிளம்பிவிடும்.

முதல் நாளே வண்டி இரண்டு தடவை வந்துவிட்டது. மேடையிலிருந்து குதித்து இறங்கியதற்கு ஒன்று, ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்ததற்கு ஒன்று. ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் தலைதெறிக்க ஓடி வந்து பார்த்தால் நான் கை கழுவிக்கொண்டிருக்கிறேன். “பட்டனை அமுக்கக் கூடாதா சார்?” என்றார்கள். கை ஈரமாக இருந்தது என்றேன்.

பதிலைக் கடிதமாகவே போடு. போனில் எனக்கு ஒன்றும் விளங்குவதில்லை. அதில் எழுத்துத் தட்டவும் என் விரல் ஒத்துக்கொள்ளாது.

உன் அண்ணன்


பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் மாப்பிள்ளைக்கு இருமல் போய்விட்டது, அந்த இடத்துக்குக் குறட்டை வந்திருக்கிறது. உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்துச் சிரித்த சிரிப்பில், கண்ணாடி பார்க்க வந்தவர் தன் மூக்கைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று கோபித்துக்கொண்டார்.

சிரித்தாலும் சொல்கிறேன், அந்தப் பெட்டியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடாதே. அண்ணி போய் மூன்று வருஷமாகிறது. நீ வேலை முடிந்து வீடு திரும்பவில்லை என்றால் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க ஆள் கிடையாது. அந்தக் கன்ட்ரோல் ரூம் பெண்ணாவது பார்த்துக்கொள்ளட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் போன் செய்தேன். “சாப்ட்டியா?” என்றேன். “வியாழக்கிழமை” என்றாய். “என்னண்ணா வியாழக்கிழமை?” என்றேன். “ஆமா ஆமா, எல்லாரும் சௌக்கியம்” என்று சொல்லி வைத்துவிட்டாய். வீட்டுக்குள் எந்த மோட்டார் ஓடுகிறது? போன் பழசா, நீ பழசா?

குளிர்ந்த தண்ணீரில் கால் வைத்து நிற்காதே. முழங்காலுக்கு நான் அனுப்பிய உறையைப் போட்டுக்கொள்.

வாலு


மார்ச் 4

அன்புள்ள வாலுக்கு,

உறை போட்டுக்கொள்கிறேன், சுகமாக இருக்கிறது. போன்தான் பழசு. மாற்ற வேண்டும்.

வண்டி இதுவரை ஏழு தடவை வந்துவிட்டது. குனிந்து வால்வு திருப்பினால் வருகிறது. படியில் இரண்டு படியாக இறங்கினால் வருகிறது. எரிச்சலில் ஒருநாள் பெட்டியைக் கழற்றி மேசையில் வைத்தேன். ஆள் அசையவே இல்லை என்று நினைத்து அதற்கும் ஒரு வண்டி. நேற்று இன்ஜினியரம்மா மெமோ கொடுத்துவிட்டார். “கருவியின் எச்சரிக்கையை நிறுத்தும்படி பலமுறை கூறியும் இவர் காதில் வாங்கிக்கொள்வதில்லை” என்று டைப் அடித்து, கீழே கையெழுத்து. இருபத்தாறு வருஷத்தில் என்னால் ஒருநாள்கூட இந்த ஊர்க் குழாய் காய்ந்ததில்லை. எனக்கு வந்த முதல் மெமோ இது.

தனி ஷிப்ட் ஆட்கள் எல்லோருக்கும் உடல் தகுதிச் சான்று கேட்கப்போகிறார்கள் என்று மீசை சொல்கிறார். எனக்கு ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. பார்ப்போம்.

இங்கே மனசு கொஞ்சம் சரியில்லை. உன் கடையில் நடந்தது ஏதாவது எழுது. மாப்பிள்ளையைக் குப்புறப் படுக்கச் சொல், குறட்டை குறையும்.

அண்ணன்


மார்ச் 13

அன்புள்ள அண்ணாவுக்கு,

மெமோவைக் கிழித்துப் போடு. அந்தம்மாவுக்கு உன்னைத் தெரியாது, அவ்வளவுதான். நாங்கள் நலம். குப்புறப் படுத்தாலும் குறட்டை வருகிறது, தலையணைக்குள்ளிருந்து வருகிறது.

கடைக் கதை கேட்டாய் அல்லவா, இந்த வாரம் நடந்ததையே சொல்கிறேன். ஒரு பஸ் டிரைவர் கண் பரிசோதனைச் சான்று வாங்க வந்தார். உட்கார வைத்து எழுத்துப் பலகையைக் காட்டினேன். கடகடவென்று கடைசி வரிவரை ஒப்பித்துவிட்டார். என்ன விஷயம் என்றால், பழைய பலகை உடைந்து, முந்தின நாள்தான் வேறு பலகை மாட்டியிருந்தோம். அவர் ஒப்பித்த எழுத்துகள் பழைய பலகையில் இருந்தவை! ஆள் எப்போதோ வந்து மனப்பாடம் செய்துகொண்டு போயிருக்கிறார். முதலாளி கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். டிரைவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. போனபிறகு எல்லோரும் சிரித்தோம்.

உடனே பதில் எழுது. படி ஒவ்வொன்றாக இறங்கு.

வாலு


ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் மீசையைக் கொண்டாவது எழுதச் சொல்லியிருப்பாய் என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம்தான். என் தூக்கம் மட்டும் சரியில்லை.

நேற்று உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். “முப்பது விநாடி கூவுமாம்” என்று எழுதியிருக்கிறாய். அதை எழுதும் முன்பே இரண்டு தடவை உன் இடுப்பிலேயே கூவியிருக்கிறது. கூவுகிறது என்று எழுதாமல் ஏன் கூவுமாம் என்று எழுதினாய்? யாரோ சொல்லிக் கேள்விப்பட்டதைப் போல?

அதற்குமேல் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. வியாழக்கிழமை. ஒரு வருஷமாகப் போன் வேண்டாம், கடிதம் போடு என்பது. போன தடவை நான் வந்திருந்தபோது, உனக்குப் பின்னால் நின்று நான் கேட்டதற்கெல்லாம் பதிலே வராதது. நான் கோபம் என்று நினைத்தேன்.

அண்ணா, உனக்குக் காது கேட்கிறதா?

அந்த டிரைவர் கதையில் பாதியைத்தான் எழுதினேன். மறுநாள் முதலாளியே அவரைக் கூப்பிட்டு அனுப்பி, ஒழுங்காகப் பரிசோதித்து, கண்ணாடி போட்டுவிட்டார். சான்றிலும் கையெழுத்துப் போட்டார். அவர் இப்போதும் அதே பஸ்தான் ஓட்டுகிறார். எங்கள் கடை வழியாகப் போகும்போது ஹாரன் அடித்துவிட்டுப் போவார்.

வாலு


மே 2

வாலுக்கு,

என் காது நன்றாகத்தான் இருக்கிறது. கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதால் நீ காது டாக்டர் ஆகிவிட மாட்டாய். வேலை அதிகம், அதனால் எழுதவில்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


மே 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

சரி. இனி அதைப் பற்றி எழுத மாட்டேன்.

ஒன்றே ஒன்று. பெட்டியைக் கழற்றாதே. ஏழு இல்லை, எழுபது தடவை வண்டி வரட்டும், எழுபது மெமோ வரட்டும். இடுப்பிலேயே இருக்கட்டும். எனக்காக.

நாங்கள் நலம். வெயிலில் அலையாதே.

வாலு


ஜூன் 19

தங்கைக்கு,

உங்கள் அண்ணன் நன்றாக இருக்கிறார். இதை முதல் வரியில் எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். நான் மதிய ஷிப்ட் பார்ப்பவன். கடிதங்களில் என் பெயர் மீசை என்று கேள்வி.

நேற்றுக் காலை பதினோரு மணிவாக்கில் வால்வுக் குழிக்குள் இறங்கும்போது ஏணியில் கால் வழுக்கி விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டு முறிந்திருக்கிறது. இடுப்பில் பலத்த அடி, எலும்புக்கு ஒன்றும் இல்லை என்று படம் எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். இருபத்திரண்டு நிமிஷத்தில் வண்டி வந்து தூக்கிவிட்டது. அலாரம்தான் கூப்பிட்டது. இல்லையென்றால் நான் இரண்டு மணிக்குப் போய்ப் பார்க்கும்வரை தண்ணீரில்தான் கிடந்திருப்பார். அந்தக் குழியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருக்குக் காது கேட்காது என்பது எனக்கு இரண்டு வருஷமாகத் தெரியும். முகத்துக்கு நேராக நின்று, வாயசைவு தெரியும்படி பேசுவேன். நல்ல மனுஷன், வேலை போய்விடக் கூடாதே என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. உதவி செய்கிறோம் என்று நினைத்தேன். தப்பு என்னுடையது.

நீங்கள் வருவீர்கள் என்று தெரியும். அவசரப்பட்டு ஓடி வந்து நீங்களும் எங்காவது விழுந்து வைக்காதீர்கள். அவர் சாப்பிட்டுத் தூங்குகிறார்.

மீசை


ஜூலை 12

அன்புள்ள வாலுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து நண்டு ஊர்ந்ததைப் போல் இருக்கும், பொறுத்துக்கொள். இடுப்பு வலி பாதி குறைந்துவிட்டது. மணிக்கட்டுக் கட்டு இன்னும் மூன்று வாரம். நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா, மாப்பிள்ளை இத்தனை நாள் தனியாக என்ன சாப்பிட்டார்?

ஆஸ்பத்திரியில் ஆறு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். காதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும். எனக்கும் வாய் வரவில்லை. எழுதினால்தான் வருகிறது.

காது எப்போது போனது என்று எனக்கே தெரியாது. உன் அண்ணி இருந்தபோது அவள் என்ன இப்படிக் கத்திப் பேசுகிறாள் என்று சலித்துக்கொள்வேன். எனக்காகத்தான் கத்தினாள் என்று இப்போது புரிகிறது. அவள் போனபிறகு வீட்டில் பேச்சே இல்லை. பேச்சே இல்லாத வீட்டில் காது கேட்கவில்லை என்பது எப்படித் தெரியும்? காலிங் பெல் கெட்டுவிட்டது என்று இரண்டு தடவை மாற்றினேன்.

தெரிந்தபோது பயம் பிடித்துக்கொண்டது. தனி ஷிப்டில் செவிடன் என்றால் வைத்திருப்பார்களா? மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்தால் எனக்கு அதன் கோளாறு தெரிந்துவிடும், அப்படித்தான் சமாளித்தேன். பெட்டியைக் கையால் ஏமாற்ற முடியவில்லை. அதில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு உண்டு, ஆனால் இடுப்பில் சட்டைக்கு அடியில் இருப்பதை யார் பார்த்துக்கொண்டிருப்பது? உன் டிரைவர் கதை வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எல்லோரும் சிரித்தோம் என்று எழுதியிருந்தாய்.

விழுந்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். வால்வுக் குழியில் கசிவு. தண்ணீர் போகும் துவாரத்தை ஏதோ அடைத்திருந்தது. அதை எடுக்கலாம் என்று இறங்கினேன். மூன்றாவது படியில் கால் வழுக்கியது, அவ்வளவுதான் தெரியும். கண் திறந்தபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன், இடுப்பு வரை தண்ணீர். கால் சொன்னபடி கேட்கவில்லை. வலது கை தொங்குகிறது. மேலே மோட்டார் ஓடுவது முதுகில் சுவர் அதிர்வதில் தெரிந்தது.

இடது கையால் பெட்டியைக் கழற்றி முகத்துக்கு நேரே பிடித்தேன். சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. கூப்பிடுகிறதா, கூப்பிட்டு முடித்துவிட்டதா, அந்தப் பெண் பேசுகிறாரா, ஒன்றும் தெரியவில்லை. அதுவரை ஒன்பது தடவை சும்மா ஓடி வந்து ஏமாந்தவர்கள். பத்தாவது தடவை எதற்கு வருவார்கள் என்று நினைத்தபோதுதான் பயம் வந்தது.

பெட்டியிடம் பேச ஆரம்பித்தேன். “அம்மா, வால்வுக் குழிக்குள்ள விழுந்துட்டேன். எழுந்திருக்க முடியல” என்றேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். தண்ணீர் சட்டையில் ஒரு பொத்தான் ஏறியது. அதற்குமேல் என்ன மானம், என்ன மெமோ? “அம்மா, நீங்க பேசுறீங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாது. எனக்குக் காது கேக்காது. ரொம்ப நாளாவே கேக்காது. அதனாலதான் ஒரு தடவகூட பட்டனை அமுக்கல. இது நிஜமா விழுந்தது. வந்துடுங்க” என்றேன்.

மூன்று வருஷமாக உன்னிடம், மீசையிடம், கண்ணாடியில் என்னிடமே சொல்லாததை, முகம் தெரியாத ஒருத்தரிடம் தொண்டை கிழியக் கத்திச் சொன்னேன். சொல்லி முடித்ததும், நம்ப மாட்டாய், பயம் போய்விட்டது. தண்ணீர் இன்னொரு பொத்தான் ஏறியது, ஆனாலும் மூச்சு சீராக வந்தது.

பிறகு குழி வாயில் வெளிச்சம் மறைந்தது. நிமிர்ந்து பார்த்தால் இன்ஜினியரம்மா. கத்தவில்லை. எனக்குக் காது கேட்காது என்று அதற்குள் தகவல் வந்திருக்கிறது. இரண்டு கையையும் நீட்டி, பொறு, வந்துவிட்டோம் என்று சைகை காட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது, வாலு. தண்ணீரில் நனைந்த முகம், யாருக்கும் தெரிந்திருக்காது.

நீ ஊருக்குப் போன மறுநாள் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: “மோட்டார் பக்கத்துல நின்னு விளக்கினது என் தப்பு. நீங்க சொல்லாதது உங்க தப்பு. சொல்லியிருந்தா அன்னைக்கே மாத்திக் கொடுத்திருப்பேன். கூவாம அதிர்ற பெட்டி என் அலமாரியில அஞ்சு கிடக்கு.” ஐந்து கிடக்கிறதாம்! நான் ஐந்து மாதம் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன்.

வேலை என்ன ஆகும் என்று இன்னும் தெரியாது. அடுத்த மாதம் காது பரிசோதனை. அதற்குப் பிறகுதான் முடிவு. பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் மறைக்க ஒன்றுமில்லாமல் பயப்படுவது எவ்வளவோ மேல்.

அண்ணன்


ஜூலை 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். நான் இல்லாத நாட்களில் உன் மாப்பிள்ளை ரொட்டியும் ஜாமும் தின்று இரண்டு கிலோ ஏறியிருக்கிறார். மணிக்கட்டை அசைக்காதே. நண்டு எழுத்து அழகாகத்தான் இருக்கிறது.

நான் திட்டவில்லை என்று யார் சொன்னது? ஆறு நாளும் வண்டி வண்டியாகத் திட்டினேன், நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தபோது. பக்கத்துக் கட்டில் அம்மா எழுந்து வந்து, போதும் விடு என்று சொல்லும் அளவுக்குத் திட்டினேன். காது கேட்காததால் பிழைத்தாய்.

ஒன்றை உன்னிடம் சொல்லியாக வேண்டும். டிரைவர் போனபிறகு எல்லோரும் சிரித்தோம் என்று எழுதினேனே, நான் சிரிக்கவில்லை. பின்னறைக்குப் போய் ஏற்கெனவே துடைத்திருந்த கண்ணாடிகளையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன். உன்னைச் சிரிக்க வைக்கலாமே என்று அப்படி எழுதினேன். அந்த ஒரு வரிதான் உன் வாயை அடைத்தது என்று நினைத்தால் என் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மன்னித்துக்கொள்.

பரிசோதனைக்குப் போகும்போது முன்கூட்டியே எதையும் மனப்பாடம் செய்யாதே. கேட்டதைக் கேட்டது என்று சொல், கேட்காததைக் கேட்கவில்லை என்று சொல். முடிவு எதுவானாலும் இங்கே உனக்கு ஓர் அறை இருக்கிறது, குறட்டையும் உனக்குத் தொந்தரவாக இருக்காது.

வாலு


செப்டம்பர் 20

அன்புள்ள வாலுக்கு,

வலது கையாலேயே எழுதுகிறேன், பார். கை கூடிவிட்டது. இடுப்பு மழை வந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்கிறது. உன் அறை உன்னிடமே இருக்கட்டும், எனக்கு வேலை இருக்கிறது!

டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். மோட்டார் சத்தத்தால் வந்த கோளாறு, காது மெஷின் போட்டால் பேச்சு கேட்கும், வேலைக்குத் தகுதி உண்டு. அதே பம்ப் ஹவுஸ், அதே காலை ஷிப்ட். மோட்டார் அறைக்குள் போகும்போது மெஷினைக் கழற்றிவிட்டுக் காதை மூடும் உறை மாட்டிக்கொள்ள வேண்டும். மீசைக்கும் அதே உறைதான். மாட்டினால் மீசை மடங்குகிறது என்று முறையிடுகிறார். வால்வுக் குழிக்குள் இனி யாரும் தனியாக இறங்கக் கூடாது என்று போர்டு எழுதி வைத்துவிட்டார்கள். இடுப்பில் இப்போது அதிர்கிற பெட்டி. போன வாரம் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தேன், இடுப்பில் குறுகுறுவென்றது, பொத்தானை அழுத்தினேன். வண்டி வரவில்லை. அன்று முழுக்க என் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்து மீசை சந்தேகப்பட்டார்.

காது மெஷின் போட்ட முதல் இரண்டு நாள் பைத்தியம் பிடித்தது. நான் மெல்லும் சத்தம் இவ்வளவா? என் செருப்பு இப்படியா கிறீச்சிடுகிறது? இத்தனை நாள் ஊரெல்லாம் கேட்டிருக்குமே, ஒருத்தராவது சொல்லக் கூடாதா? (சொல்லியிருப்பார்கள்.)

நேற்று கன்ட்ரோல் ரூமுக்கு நேரில் போனேன். அன்று நான் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்து நன்றி சொல்லாமல் மனசு ஆறவில்லை. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒல்லியான பெண், குரல் மட்டும் கணீரென்று இருந்தது. “பத்தாவது தடவையும் வண்டி அனுப்புனீங்களே, எப்படிம்மா?” என்று கேட்டேன். “எத்தனாவது தடவைன்னெல்லாம் இங்க யாரும் பாக்கறதில்ல சார். அலாரம் வந்தா வண்டி போகும்” என்றார், சாதாரணமாக.

நான் பேசியதெல்லாம் அவருக்குக் கேட்டிருக்கிறது. அவரும் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். “கேக்காதுன்னு நீங்க சொன்னப்புறமும் எனக்கு நிறுத்த மனசு வரல சார். வண்டி பாலத்துகிட்ட வந்துடுச்சு, கேட் கிட்ட வந்துடுச்சுன்னு சொல்லிட்டே இருந்தேன். சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாம போனப்ப என் பொண்ணு காலையில ஸ்கூலுக்கு ஒரு கால்ல வெள்ளை சாக்ஸ், ஒரு கால்ல நீல சாக்ஸ் போட்டுட்டுப் போன கதையைச் சொன்னேன்” என்றார்.

“இப்ப சொல்லும்மா, கேக்கறேன்” என்றேன்.

முதலிலிருந்து சொன்னார். வண்டி கிளம்பியதிலிருந்து, பாலம், கேட், சாக்ஸ் வரை. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். எனக்குச் சேர வேண்டிய பேச்சு, மூன்று மாதம் தாமதமாகக் கைக்கு வந்தது. சாக்ஸ் கதையில் அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். கிளம்பும்போது அந்தக் குழந்தைக்கு ஒரு ஜோடி சாக்ஸ் வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் சார், இருக்கிறதை ஒழுங்காய்ப் போட்டால் போதும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய்கிறேன். கத்தாதே, மெதுவாகப் பேசினாலே கேட்கும். மாப்பிள்ளையிடமும் கொடு. ஆனால் கடிதம் போடுவதை மட்டும் நிறுத்திவிடாதே. போனைவிடக் கடிதத்தில் நீ கொஞ்சம் புத்திசாலியாகத் தெரிகிறாய்.

உன் அண்ணன்